அந்த அரை விநாடி

"அது ஒரு சோலோவாண்ணே? வேகமா படியிறங்கினவன் கால் தடுக்கின மாதிரி நடுவுல ஒரு பள்ளம்!"

மைக்கை விழுங்கிவிடுவார் போலச் சாய்ந்தார் இசை விமர்சகர். அவர் எழுத்தில் அடிபட்ட பாடகர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல்.

"யோவ், பள்ளம் இல்லய்யா, மௌனம்! அரை விநாடி நம்ம மூச்சையே புடிச்சு வெச்சிருக்கான். காது கேக்குறவனுக்குப் புரியும்" என்று சீறினார் கிட்டார் கடைக்காரர்.

வானொலி நிலையத்தின் நேரலை அறை. எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்த கிட்டார் சோலோ, அதாவது தனி வாசிப்பு, எது? காலை ஒன்பதுக்குத் தொடங்கிய சண்டை, முப்பத்தெட்டு சோலோக்களை மென்று துப்பிவிட்டு, கடைசி இரண்டில் முட்டிக்கொண்டு நின்றது. ஒன்று, விமர்சகரின் செல்லம்: இரண்டு நிமிட மின்னல் வேகம். மற்றொன்று, கடைக்காரர் உயிரை விடும் படகுப் பாட்டின் நாற்பது விநாடி. இருவரும் ஆளுக்கொரு வோட்டுப் போட்டாகிவிட்டது. மூன்றாவது வோட்டு கிட்டார் டீச்சருடையது.

டீச்சர் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

படகுப் பாட்டில் அந்த நாற்பது விநாடியை வாசித்ததே அவள்தான். பதினெட்டு வருடங்களுக்கு முன், ஒலிப்பதிவு நாளில் குழுவின் கிட்டார்காரன் காய்ச்சலில் படுத்துவிட, அவசரத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவன் பெயர் போட்ட இசைத்தட்டு அட்டை முன்பே அச்சாகியிருந்தது. புகழெல்லாம் அவனுக்குப் போனது.

இப்போது அதற்கு வோட்டுப் போட்டால் மகுடமும் அவனுக்கே. உண்மையைச் சொன்னாலோ அவள் வோட்டு செல்லாது; தன் வாசிப்புக்குத் தானே நடுவராக முடியாதே! அதைவிட, யார் நம்புவார்கள்?

"டீச்சர், நிகழ்ச்சி முடிய ரெண்டே நிமிஷம்தான் இருக்கு. பேச்சு மூச்சையே காணோமே!" அறிவிப்பாளன் பறந்தான்.

"அது பள்ளமும் இல்ல, மௌனமும் இல்ல" என்றாள். "முதல் தந்தி அறுந்துபோச்சு."

"யார் சொன்னா?"

"வாசிச்சவ சொல்றேன். நான்தான்."

விமர்சகர் கடகடவென்று சிரித்தார். "நல்லாருக்கே! அப்படின்னா தபேலா வாசிச்சது நான்தாங்க!"

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அறுந்துச்சுன்னா... மிச்சத்தை எதுல வாசிச்சீங்கம்மா?" பாட்டின் பின்பாதியில் வரும் அந்தக் கனத்த நாதத்தைப் பிடிக்க அவர் படாத பாடு இல்லை.

டீச்சர் அவர் கொண்டுவந்திருந்த கிட்டாரை மடிக்கு இழுத்தாள். முதல் தந்தியில் பாட்டு துள்ளி ஓடியது. சட்டென்று விரலை எடுத்தாள். அரை விநாடி. கை இரண்டாவது தந்திக்குத் தாவி, ஐந்து கட்டம் மேலேறி விழுந்தது. அதே கனம். அதே லேசான கரகரப்பு. படகு கரை சேர்ந்தது.

"அடக் கடவுளே, ரெண்டாவது தந்தி!" கடைக்காரர் நாற்காலி சாய எழுந்தார். "இது தெரியாம மூணு ஆம்ப்ளிஃபயரை மாத்தி, பொண்டாட்டிகிட்ட வாங்காத திட்டில்ல!"

"டீச்சர் வோட்டு செல்லாது. அப்போ ஒண்ணுக்கு ஒண்ணு! நாற்பது விநாடி இருக்கு!" அறிவிப்பாளன் கத்தினான்.

விமர்சகர் முகம் சிவந்திருந்தது. "தந்தி அறுந்தது விபத்து. விபத்துக்கெல்லாம் பட்டம் கிடையாது."

டீச்சர் பதினெட்டு வருடம் அடக்கி வைத்திருந்தது பொங்கியது. "விபத்து அரை விநாடிதான் சார்! அதுக்கப்புறம் இருபது விநாடி? யாரும் நிறுத்துன்னு கை காட்டுறதுக்குள்ள, ஒரு தந்தி இல்லாம பாட்டை முடிச்சுக் குடுத்தது யாரு? அதுவும் விபத்தா?"

விமர்சகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி... என் வோட்டை மாத்திக்கிறேன். ஆனா, பள்ளத்தைப் பள்ளம்னுதான் எழுதுவேன்!"

"தாராளமா எழுதுங்க. வாசிச்சது யாருன்னும் சேர்த்து எழுதுங்க."

விமர்சகர் பேனாவைத் திறந்தார். "பேரை இனிஷியலோட சொல்லுங்கம்மா."

டீச்சர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.