நீல வால் எலிகள்

1
பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கதை திருட்டுச் சரக்கு. ஓட்டலில் பக்கத்து மேசையில் ஓர் அம்மா, மகள் சாப்பிட்டு முடித்ததும் அவள் காதில் வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். "அம்மா, நான் எலி இல்ல," என்றாள் மகள். அவ்வளவுதான் கேட்டேன். மீதியெல்லாம் என் கைவரிசை.

2
"ஆய்வகத்தில் ஆழ்ந்த அமைதி நிலவியது. வெங்காயத் தோலின் வாசனை மெல்ல..."

(அடித்துவிட்டேன். எலிகள் இருக்கிற அறையில் அமைதி ஏது?)

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆராய்ச்சியாளர். எட்டு வயது மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துண்டு பிஸ்கட்டில் தொண்டை வீங்கி, சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய பெண். கடலையைப் பகையாளி என்று எண்ணி உடம்பு தாம்தூம் என்று குதிப்பதை, வெங்காயத் தோலிலிருந்து எடுத்த பொடி அடக்குமா என்பதுதான் அம்மாவின் சோதனை. எலிகளுக்குக் கடலை கொடுத்து உடல்சூட்டை அளப்பார்கள். சூடு இறங்கினால் ஒவ்வாமை.

(குழந்தைகளுக்கு அந்த அளவுகோல் செல்லாது. அவளுக்கும் தெரியும். கைதான் கேட்பதில்லை.)

3
பாதி எலிகளின் வாலில் நீலக்கோடு, பாதிக்குச் சிவப்பு. எந்த நிறத்துக்குப் பொடி, எதற்கு வெறும் தண்ணீர் என்ற விவரம் துறைத் தலைவரிடம், ஒட்டிய உறைக்குள். நீல வால்களுக்குச் சூடு இறங்கவே இல்லை. நீலம்தான் பொடி என்று அவள் மனசு முடிவு கட்டிவிட்டது. அந்தப் பொடி ஒரு சிறு சீசாவில், அவள் கைப்பையில் வீட்டுக்கு வந்தது.

கணவன் கண்ணில் அது பட்டது. "உறையைப் பிரிச்சாச்சா?"

"நாளைக்குத்தாங்க."

"அப்ப இது எதுக்கு இன்னைக்கே உன் பைல இருக்கு?"

அவள் சீசாவை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

4
முடிவு ஒன்று: பாலில் கலந்து கொடுக்கிறாள். மகளுக்குக் குணமாகிவிடுகிறது. (இனிப்பான முடிவு. நம்பி எந்தத் தாயாவது செய்து பார்த்தால்? கிழித்தேன்.)

முடிவு இரண்டு: கலந்து கொடுக்கிறாள். மகள்... (எனக்குக் கை வரவில்லை. வரவும் வேண்டாம்.)

5
மகள் பால் டம்ளரோடு வந்து சீசாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது மருந்தாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான் அவளுக்கு. நெஞ்சு முழுக்க அந்த ஆசைதான்.

"இன்னும் இல்ல, கண்ணு."

சீசாவை வாங்கி மூடியை இறுக்கினாள். மகள் பாலைக் குடித்துவிட்டு, பழக்கத்தில் காதை நீட்டினாள். அம்மா அந்தக் காதைச் செல்லமாகத் திருகினாள்.

உறைக்குள் பொடிக்கு நேரே எழுதியிருப்பது நீலமா சிவப்பா? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். தெரியாமல்தானே அவள் மூடியை இறுக்கினாள். நீங்களும் அந்த மேசையில் தெரியாமலே ஒருமுறை உட்காருங்கள். மகள் உங்கள் மகள். சீசா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. "இது மருந்தா?" என்று உங்களைத்தான் கேட்கிறாள்.