பினகாஸின் குதிகால்

எலும்பு பொறுக்கப் போக ஆண்பிள்ளை வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளையின் எலும்பைத்தான் பொறுக்கப் போகிறோம். வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

என் தம்பி பினகாஸ் கல்லறைக்குள் போய் வருஷம் ஒன்றாகிவிட்டது. சதை மண்ணாகியிருக்கும். எலும்புகளைச் சேர்த்துக் கல்பெட்டியில் வைத்து, அப்பா அம்மா பெட்டிகளுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டால் துக்கம் தீர்ந்தது என்பது எங்கள் வழக்கம். கடைசி நாளில் கர்த்தர் கூப்பிடும்போது அவரவர் எலும்பு அவரவர் பெட்டியில் முழுசாக இருக்க வேண்டும். எருசலேமில் மேல்நகரத்து ஆசாரியர்கள் அதை நம்புவதில்லை. மெத்தையில் சாகிறவர்களுக்கு அந்த நம்பிக்கை எதற்கு?

நானும் அவன் பெண்டாட்டி எமீமாளும் ஒலிவமலைச் சரிவில் ஏறினோம். என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது.

"எங்கடி உன் கூட்டத்துச் சகோதரருங்க? கல்லை நகத்த ரெண்டு பேரு வருவாங்கன்னியே?"

"அவங்க தினமும் கோயிலுக்குப் போறவங்கக்கா. கல்லறைக்குள்ள வந்தா ஏழு நாள் தீட்டாயிடும்ல."

"நமக்கு மட்டும் தீட்டு தேனா இனிக்குதாக்கும்."

பினகாஸ் போன பிறகு அவள் அந்த நாசரேத்துக்காரரின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். சிலுவையில் செத்த அவர் மூன்றாம் நாளே எழுந்துவிட்டார் என்று சொல்லி, வாரத்தின் முதல் நாள் கூடி அப்பம் பிட்டுச் சாப்பிடுகிறவர்கள். நான் கேலி செய்வேனே தவிர, அவளைக் குறை சொன்னதில்லை. புருஷன் சிலுவையில் தொங்கினான் என்றால் தண்ணீர்த்துறையில்கூடப் பெண்கள் விலகி நிற்கிறார்கள். அது அவமானமில்லை என்று சொல்ல இந்த ஊரில் அவர்கள் கூடுகிற அந்த ஒரு வீடுதான் இருக்கிறது. பிறகு அவள் வேறெங்கே போவாள்?

கடப்பாரையைக் கொடுத்து, தோளைக் கொடுத்து, கல்லை ஒருவழியாக நகர்த்தினோம். உள்ளே புழுக்கம். விளக்கை ஏற்றி, அவனைச் சுற்றியிருந்த துணியை விலக்கினேன். தலை, தோள், விலா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எமீமாள் எண்ணெய் தொட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் மாதிரித் துடைத்துத் துடைத்து வைத்தாள். அழவில்லை. அவளுக்கு அது பொட்டலம் கட்டுகிற வேலை, பயணத்துக்கு.

"எல்லாம் இருக்குக்கா. ஒண்ணும் குறையல."

அப்போதுதான் அந்தக் குதிகால் எலும்பு கையில் வந்தது. குறுக்கே ஆணி. சிலுவை மரத்தின் கணுவில் பட்டு அதன் முனை கொக்கி போலத் திரும்பியிருந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் அவனை அறைந்தார்கள். ஊர் கொதித்துவிடும் என்று பயந்து அன்று சாயங்காலமே இறக்கிக் கொடுத்தார்கள். ஆணி வரவில்லை. சிப்பாய்களுக்கு அவசரம், ஒட்டியிருந்த மரத்துண்டோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

"புடுங்கலாமாக்கா? இதோட எப்படி எழுந்து வருவாரு?"

அசைத்துப் பார்த்தேன். எலும்பு கிறீச்சிட்டது. "புடுங்கினா குதிகால் ரெண்டாப் பொளந்துரும். இருக்கட்டும் விடு. முழுசா இருக்குல்ல."

வாசல் வெளிச்சம் மறைந்தது. திரும்பினேன். சிப்போராள் நின்றாள்.

எங்கள் தெருமுனை வீட்டுக்காரி, ஒரு சின்னப் பெண்பிள்ளையோடு இருக்கிற கைம்பெண். போன வருஷம் கோயில் முற்றத்தில் கலவரம் கிளம்பியது. பஸ்காவுக்குக் கசப்புக் கீரை வாங்கப் போன பினகாஸ், துரத்துகிற சிப்பாய்களுக்கு முன்னால் எங்கள் தெருவுக்குள் ஓடிவந்தான். முதலில் வந்தது அவள் கதவுதான். தட்டினான். நான் நாலு வீடு தள்ளி உள்ளே இருந்து அந்தத் தட்டலைக் கேட்டேன். அவள் திறக்கவில்லை. நான் வெளியே ஓடிவருவதற்குள் கலகக்காரன் என்று பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் முகத்தில் நான் விழித்ததில்லை.

"என்ன வேணும்?" என்றேன்.

"சூசன்னாளுக்குக் காய்ச்சல்க்கா. விட்டு விட்டு அடிக்குது. இப்ப கண்ணே திறக்க மாட்டேங்குறா." அவள் உள்ளே வராமல், கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சிலுவையில அறைஞ்ச ஆணியைக் கழுத்துல கட்டினா காய்ச்சல் எறங்குமாம். நீங்க இன்னைக்கு இங்க வருவீங்கன்னு…"

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று கேட்டிருக்கிறேன். கல்லறை வரைக்கும் வந்து பிடுங்குவார்களா?

"நல்லாயிருக்குடி நியாயம்! உசிரோட வந்து தட்டினப்போ கதவைத் திறக்கல. இப்ப எலும்பாக் கிடக்கிறவன்கிட்ட நீ வந்து தட்டுற."

"திறந்திருக்கலாம். திறக்கல." அவள் குரல் உடையவில்லை. உடைகிற கட்டத்தைத் தாண்டியிருந்தது. "பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டுக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். அவர் குரலைக் கேட்டதும் அது மாமா மாமான்னு கத்தப் பாத்துச்சு."

இவள் இப்படி வந்து நிற்க வேண்டும் என்று நான் ஒரு வருஷமாக ஏங்கியிருக்கிறேன். என்னென்ன கேட்பது என்று ரொட்டி பிசையும்போதெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். நின்றுவிட்டாள். எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. களைப்பாக இருந்தது. கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

எமீமாள் கொடுப்பாள் என்று நினைத்தேன். பிச்சைக்காரனுக்கு மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் திட்டு வாங்கியவள் அவள். அவளோ குதிகாலை என் கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"முடியாதுக்கா. அவர் எழுந்திருக்கும்போது கால் வேணும். அவர் எப்படி நடப்பாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? தெருவில் அவனோடு ஒருத்தர் சேர்ந்து நடக்க முடியாது. அப்படி ஒரு வேகம். இந்தச் சூசன்னாள்தான் குட்டிக் காலை வைத்துக்கொண்டு, "மாமா, நில்லு!" என்று அழுதபடி பின்னாலேயே ஓடும். முனை வரைக்கும் போனவன் திரும்பி வந்து தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். இருந்திருந்தால் இப்போது என்ன செய்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் எரிச்சல்.

இந்த ஆணி வைத்தியம் புறஜாதிகளின் பழக்கம் என்று ஜெபஆலயத்தில் திட்டுவார்கள். திட்டட்டும். அவர்கள் பிள்ளை காய்ச்சலில் கிடக்கவில்லை.

"குடுடி," என்றேன் எமீமாளிடம்.

"அக்கா, வேணாம்க்கா."

"நான் அவன் கூடப் பிறந்தவ. குடு."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது. இந்தக் குதிகாலில் எத்தனை முள் எடுத்திருக்கிறேன்! ஊசியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுவான். பட்ட காலிலேயே படும் என்று அம்மா சொல்லுவாள். கடப்பாரை முனையை வைத்து, கல்லால் ஓங்கி ஒரு அடி அடித்தேன். எலும்பு பிளந்தது. எமீமாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

சிப்போராள் முந்தானையில் ஆணியை வாங்கிக்கொண்டு சரிவில் ஓடினாள். நான் இரண்டு துண்டையும் துணியில் இறுக்கிச் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

"நொண்டுவாரே," என்றாள் எமீமாள், சின்னக் குரலில்.

"நொண்டட்டும். சிலுவையில செத்தவரை மூணே நாள்ல எழுப்பினவருக்கு ஒரு குதிகாலை ஒட்ட வைக்கத் தெரியாதா?"

கேலியாகத்தான் சொன்னேன். அவள் வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

ஏழு நாள் தீட்டில் வீட்டோடு கிடந்தோம். எமீமாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தீட்டுக்கழிக்கிற தண்ணீரை எங்கள் மேல் தெளித்துவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தீட்டு வீட்டை யார் தட்டுவார்கள்? ஆனாலும் அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். பயந்தவர்கள் தட்டுகிற தட்டல் இல்லை. இனி பயப்பட ஒன்றும் இல்லாதவர்களுடையது. எழுந்து போய்த் திறந்தேன்.

சிப்போராள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஆணி இருந்தது.

"காலையிலதான் அவளைக் கல்லறையில வச்சுட்டு வந்தோம்," என்றாள். "இது உங்களுது. பெட்டியில வச்சிருங்க."

வீணாக என் தம்பியின் காலை உடைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் படியிலேயே உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க, ரெண்டு தடவைக்கும்," என்றாள்.

"உள்ள வாடி."

"தீட்டுக்கா. நான் இப்பத்தான்…"

"ரெண்டு வீடும் தீட்டு. இதுக்கு மேல என்ன ஒட்டப்போகுது? வா."

எமீமாள் ரொட்டியைப் பிட்டு அவள் முன் வைத்தாள். சிப்போராள் தொடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது தனியாப் போனதே இல்லக்கா. யாராவது தூக்கணும் அதுக்கு."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எமீமாள் சொல்வாள் என்று பார்த்தேன், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"அடுத்த வருஷம் எலும்பு பொறுக்க நானும் வர்றேன். தனியாப் போகாத. இன்னொண்ணு சொல்றேன் கேளு. அந்த நாள்னு ஒண்ணு வந்துச்சுன்னா, என் தம்பியால முன்ன மாதிரி வேகமா நடக்க முடியாது. நொண்டி நொண்டித்தான் வருவான். உன் பொண்ணு ஓட வேண்டியதில்ல. கூடவே நடக்கலாம்."

சிப்போராள் என் மடியில் தலையை வைத்து அழுதாள். எமீமாளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கால் மரத்துப்போனது. நான் நகரவில்லை.