பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ரயில்வே கடிகாரம்

வளைகுடாவில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்த தேவசுந்தரத்துக்கு, பாவம், நெஞ்சே நின்றுவிட்டது. மூன்று வருடம் தேடி வாங்கிய நூறு வயது அமெரிக்க ரயில்வே பாக்கெட் கடிகாரம், மனைவி தங்கபுஷ்பத்தின் தாலிச் சங்கிலியோடு நகை கழுவும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது.

"ஏட்டி, கெடுத்துட்டியே! இதுக்கு ஸ்பேர் எந்த ஊர்லயும் கிடையாதே!"

அதை அள்ளினார். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு.

"மிஷினு எங்கட்டி?"

"கத்தாதீய. கூட்ட ஒரு கம்பெனி செய்யும், மிஷின இன்னொரு கம்பெனி செய்யும், கடைக்காரன் ரெண்டு திருகாணில மாட்டுவான்னு சோறு திங்கும்போதெல்லாம் சொல்லுவியளே. அந்த ரெண்டையும் கழத்துனேன்."

அவள் காட்டிய பக்கம் திரும்பினார். துடைத்த இட்லித் தட்டின் ஒரு குழியில், பஞ்சின்மேல், அது டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. தேவசுந்தரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.