ஏழு நிமிடப் பாட்டு

"ஒரு பாட்டுக்கு மூணு அப்பன் வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் சிந்து ராக் பேண்டை விட்டு வெளியே வந்தாள். அவள் எழுதும் பாட்டையெல்லாம் மற்ற இருவரும் கைவைத்துக் கெடுக்கிறார்கள் என்பது அவள் குறை. டிரம்ஸ் அடிக்கும் தியோடர் வேகத்தைக் கூட்டிவிடுவான். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்ரீஹர்ஷாவோ, நீளம் என்று சொல்லிச் சரணங்களை வெட்டிவிடுவான்.

அடுகோடியில் தன் வாடகை அறையில் மூன்று மாதம் தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டுச் செய்தாள். கிட்டாரும் குரலும் அவளுடையவை, மற்றதெல்லாம் லேப்டாப். பாட்டின் கதை இதுதான்: டிராஃபிக் நகரவே நகராத சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்ட ஒருத்தி, பக்கத்து பைக்கில் இருப்பவனைக் காதலித்து, பச்சை விழுந்ததும் பிரிகிறாள். ஆறு சரணம், ஏழு நிமிடம். ஒரு வரியைக்கூட வெட்ட ஆளில்லை. சிந்துவுக்கு ராஜாங்கமே கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் இந்திரா நகர் பப் ஒன்றில் முதல் தனிக் கச்சேரி. கூப்பிடாமலே இருவரும் வந்து முன் மேஜையில் உட்கார்ந்தார்கள். நான்காவது சரணத்தில் ஒரு குடும்பம் மெனு கார்டு கேட்டது. ஐந்தாவதில் ஸ்ரீஹர்ஷா கொட்டாவியை டம்ளருக்குள் மறைத்தான்.

முடிந்ததும் சிந்து நேராக அவர்களிடம் போனாள். "எப்படி இருந்துச்சு?"

"ஒரு தப்புகூட இல்லமா" என்றான் தியோடர்.

இதற்கு அவன் திட்டியிருக்கலாம். "ஒழுங்கா சொல்லுடா."

"பாட்டு பூரா நீ லேப்டாப்பையே பாத்துனு இருந்த. அது உன்னப் பாக்கவே இல்ல."

"வரிங்க சக்கத்தா, சூப்பரா இருக்கு" என்றான் ஸ்ரீஹர்ஷா. "ஆனா பச்சை எப்போடா விழும்னு ஆயிடுச்சு."

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, ஆஸ்டின் டவுனில் பேண்ட் ஒத்திகை நடக்கும் தியோடர் வீட்டு கார் ஷெட்டில் விட்டுவந்த தன் ஆம்ப்ளிஃபயரை எடுக்கப் போனாள். கேட்டருகிலேயே அவள் பாட்டு கேட்டது. நாய் துரத்துகிற வேகம். மறந்த வரிகளை ஸ்ரீஹர்ஷா கன்னடத்தில் நிரப்பிக்கொண்டிருந்தான். தாளத்துக்குக் காலைத் தட்டிவிடக் கூடாது என்று சிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் பாட்டிலிருந்த பைக்கை பஸ் ஆக்கியதும் பொறுக்கவில்லை.

"பஸ் இல்லடா, பைக்கு!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தாள்.

"அப்போ நீயே பாடு" என்று ஸ்ரீஹர்ஷா மைக்கை நீட்டினான்.

தியோடர் டிரம்ஸில் ஓட, அவள் மூச்சு வாங்கத் துரத்திப் பாடினாள். அந்த மூச்சிரைப்பில்தான் பாட்டிலிருந்த பெண்ணுக்கு உயிர் வந்தது; பைக்குக்காரன் நிஜமாகவே கைவிட்டுப் போகிறான் என்று சிந்துவே நம்பிவிட்டாள்.

இரண்டு மணிநேரச் சண்டையில் நான்கு சரணம் போனது. ஐந்தாவது சரணத்தை மட்டும் வெட்ட அவள் விடவில்லை. "இத வெட்டினா நான் போயிடுவேன்."

"போ" என்றான் ஸ்ரீஹர்ஷா. ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "இல்ல, இருக்கட்டும்" என்றான். "உன்னச் சொல்லல, சரணத்தச் சொன்னேன்."

அந்தச் சரணம் இந்த ஷெட்டில் பிறந்திருக்காது, பிறக்குமுன்பே இவர்கள் வெட்டியிருப்பார்கள் என்று சிந்துவுக்குத் தெரியும். அதனால் கறாராகச் சொன்னாள்: "எழுதுறது நான் மட்டும், என் ரூம்ல. சனிக்கிழமை உங்ககிட்ட கொண்டாரேன், அடிச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றான் தியோடர். "எனக்கு சர்ச் இருக்கு."