இதுல நீ இல்ல

பதினோராவது தாளையும் அவள் நான்காக வெட்டினாள். குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. துண்டுகளை இடம் மாற்றி, வெளி ஓரங்கள் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும்படி பின்பக்கம் டேப் போட்டு ஒட்டினால் தாளின் நடுவே ஒரு வெற்றிடம் கிடைக்கும். அதையும் வரைந்து நிரப்பிவிட்டால், அந்தத் தாளை எத்தனை தடவை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் ஒட்டு தெரியாது. நோட்டு ஓரத்துக் கிறுக்கல் திரைச்சீலைக்கும் சுவருக்கும் போகிற டிசைன் ஆவது இப்படித்தான். ஒட்டு என்னவோ தெரியவில்லை. அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் ஓரத்தில் கிடந்தபோது வாலைச் சுருட்டிக்கொண்டு எங்கேயோ தப்பி ஓடப் பார்த்த அதே கோடு, ஐம்பது முறை அடுக்கியதும் வரிசையில் நிற்கவைத்த பள்ளிப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"பாத்ரூம் தரைக்கு நல்லா இருக்கும்டி," என்றாள் ஈரக் கையோடு கடந்துபோன அம்மா. பாராட்டாகத்தான் சொன்னாள். அம்மாவுக்கு மூன்று வாரமாக உலகமே பாத்ரூம்தான். வாஷிங் மெஷின் தண்ணீரைக் குடிக்கும், உறுமும், சுற்றாது. துணியெல்லாம் கையால்தான். அப்பா தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பார். ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் பத்தே நிமிடத்தில் வெளியே இழுத்துவிடுவார். தான் மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் அவளுடைய பத்து டிசைன்களையும் திருப்பிக் கொடுத்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'வெளி சார்'. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண்ணை மூடி, "வெளி..." என்று இழுத்துவிட்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார். முதல் வருடத்தில் ஒருவன் அதைக் கேட்டுவிட்டு நிஜமாகவே எழுந்து வகுப்புக்கு வெளியே போய் நின்றான். அவன் கெட்டிக்காரன், இப்போது வேறு பாடம் படிக்கிறான். அவளிடம் வெளி சார் பத்து முறையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். "நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நீ இல்ல." அவள் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு அழுதாள். ஆறாவது முறைக்குப் பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். இருக்கத்தான் செய்தாள்.

பதினொன்றாவதைப் பார்க்கக்கூட அவர் மறுத்துவிட்டார். "அடுக்கினதெல்லாம் வேண்டாம். அடுக்குறதுக்கு முன்னாடி இருக்கிற கிறுக்கல் எல்லாத்தையும் நாளைக்குக் கொண்டு வா. நான் தேடிப் பாக்குறேன், எங்கயாவது நீ இருக்கியான்னு." மறுநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஹாலில் கிடந்த தன் வரைதாள் பேடிலிருந்து கைக்கு வந்த பக்கங்களைக் கிழித்து ஓடினாள். வகுப்பில் இருந்த ஸ்கேனருக்குள் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போனபோது, அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சார் வருகிறாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒவ்வொன்றாக வந்தன. வெளி சார் கையை அசைக்க, ஒவ்வொன்றாகப் போயின. பிறகு ஒன்று வந்தது, அவர் கை அசையவில்லை. சுருள் சுருளாக ஒரு கோடு. ஸ்பிரிங் போலப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று பல்லைக் கடித்ததுபோல நாலு அழுத்தமான குத்து. மறுபடி சுருள், மறுபடி குத்து. சார் கம்ப்யூட்டரில் நான்கு தட்டுத் தட்டினார். அது சுவர் முழுக்க அடுக்கிக்கொண்டு விரிந்தது. கையைக் கட்டி நிற்கவில்லை. அலைபோல வந்து இடித்துக்கொண்டும், பின்வாங்கிக்கொண்டும், கத்தப்போய் வாயைப் பொத்திக்கொண்டும் இருந்தது. அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இதை எப்போது வரைந்தோம் என்று யோசித்தவள், மூலையில் எறும்புபோலத் திரும்பத் திரும்ப வந்த எண்களைப் பார்த்தாள். அவற்றில் ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. லிஃப்டில் மாட்டுகிற அட்டைகளில் அப்பா எழுதுகிற ஏழு. எண்கள், வாஷிங் மெஷின் புகார் எண்.

"வெளி..." என்றார் சார். இந்த முறை அடுத்த சொல்லும் வந்தது. "ஒரு பெண்ணோட அடக்கப்பட்ட அலறல். சீரான இடைவெளில. அந்த எண்களைப் பாருங்க. மனுஷன் வெறும் எண்ணாப் போன காலம். இப்பதான்மா இதுல நீ இருக்க!"

அவள் எழுந்தாள். "சார், இத நான் வரையல."

சார் மெல்லச் சிரித்தார். வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? 'நான் வரையல.' நான்ங்கிறது கழண்டு போய், கை தானா வரையுற நிலை. இது எல்லாருக்கும் வராது."

"இல்ல சார். நிஜமாவே. எங்கப்பா வரைஞ்சது."

"நம்ம எல்லாருக்குள்ளயும் ஒரு அப்பா இருக்கார்மா," என்றார் சார், கண்ணை மூடி. பின்வரிசையில் ஒருத்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் கண்ணைத் திறந்தபோது சார் காரியத்தில் சரியாகத்தான் இருந்தார். கடைசி வருடத் தேர்ச்சிக்கு ஐந்து டிசைன் கொண்ட ஒரு தொகுப்பு வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள்ள இதே கைல இன்னும் நாலு. கூடவே ஒரு பக்கத்துக்குக் கருத்துரை. முடியலன்னா பரவால்ல, அடுத்த வருஷம் இதே வகுப்புல மறுபடி சந்திப்போம்."

அந்தச் சுருளைப் பார்த்துப் பார்த்து அவள் வரைந்து பார்த்தாள். இரண்டு நாள். சுருள் வந்தது, குத்து வந்தது, எல்லாம் அளவாக வந்தது. அசல் நகைக்கடையில் கவரிங் போட்டுக்கொண்டு நின்றதுபோல இருந்தது. கருத்துரை மட்டும் தடையில்லாமல் வந்தது. 'என் அகவெளி' என்று தலைப்பு வைத்து, எங்கெல்லாம் பொருள் புரியவில்லையோ அங்கெல்லாம் 'வெளி' என்று போட்டு நிரப்பினாள். அச்செடுத்துப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை காலை அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தாள். "அப்பா, சும்மா எதாவது வரைங்க."

"எதுக்கு?"

"ஒண்ணுக்கும் இல்ல. சும்மா."

"அளவு?"

"அளவெல்லாம் கிடையாதுப்பா."

அளவில்லாமல் எதையும் தொட்டுப் பழக்கமில்லாத அப்பா கண்ணாடியைப் போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு மலை வரைந்தார். நடுவில் சூரியன். கீழே ஆறு, ஆற்றங்கரையில் ஒரு வீடு. ஸ்கேல் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கதவு போட்டார். கதவு லிஃப்ட் கதவுபோல நடுவில் பிளந்து திறந்தது.

"அப்பா... இதுல நீங்க இல்லப்பா." சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்கு உறைத்தது.

"நான் இங்கதானேம்மா உக்காந்திருக்கேன்?" என்றார் அப்பா. "வேணும்னா வீட்டு வாசல்ல என்னை வரையட்டுமா?"

குளியலறையிலிருந்து துணியை அடித்துத் துவைக்கிற சத்தம் வந்தது. சத்தம் நின்று அம்மா குரல் வந்தது. "ஏங்க, இன்னைக்கு அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டீங்களா இல்லையா?"

அவள் நிமிர்ந்தாள். ஏன் இது முன்பே தோன்றவில்லை! போனை எடுத்துத் தானே எண்ணைத் தட்டி, அப்பாவின் இடது காதில் வைத்தாள். வலது கைக்குக் கீழே பேடைத் தள்ளினாள். பேனாவை விரலிடுக்கில் சொருகினாள். "நீங்க பேசுங்கப்பா. அவசரமே இல்ல." முக்கால் மணி நேரம். ஒரு மணி நேரம் ஆனாலும் நல்லது. பேனா முனை தாளில் பட்டது. சுருள் தொடங்குகிற இடம்போலத்தான் இருந்தது. கடவுளே, ஒருத்தனும் எடுக்கக் கூடாது.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றது போன்.

மூன்று வாரத்தில் முதல்முறையாக, முதல் மணியிலேயே. அப்பா துள்ளி எழுந்துவிட்டார். "எடுத்துட்டாங்க! எடுத்துட்டாங்கடி!" என்று குளியலறைப் பக்கம் கத்தினார். தாளில் ஒரே ஒரு புள்ளி இருந்தது.

"மெஷினோட சீரியல் நம்பர் கேக்குறாங்க, பின்னாடி இருக்குமாம். நீ கொஞ்சம் பிடிச்சுக்கோ," என்று போனை அவள் கையில் திணித்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேடையும் எடுத்துக்கொண்டு ஓடினார். பேனா மேசையில் உருண்டது. அவள் போனைக் காதில் வைத்து, "ஒரு நிமிஷம்ங்க, பாக்கப் போயிருக்காங்க," என்றாள். "பரவாயில்லை, லைனிலேயே இருங்கள்," என்ற குரல் போய், மெட்டு தொடங்கிவிட்டது. குடை ராட்டினத்தில் போடுகிற மாதிரி ஒரு மெட்டு. மேலே போய், மேலே போய், முடியப்போகிற இடத்தில் முடியாமல் கீழே வந்து மறுபடி தொடங்கியது. பாதியில் அதை வெட்டிக்கொண்டு, தேன் தடவிய குரல் ஒன்று: உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. மறுபடி மெட்டு.

உள்ளே அப்பா மெஷினை நகர்த்துகிற சத்தம். "அங்கன இல்லீங்க, கீழ குனிஞ்சு பாருங்க" என்று அம்மா. "குனிஞ்சுதான்டி பாக்குறேன்." நாளை வெள்ளி. அதற்கு முன்னால் நாலு டிசைன். மெஷின் சரியாகிவிடும், அம்மா கை காயும், அப்பா இனி யாருக்கும் போன் போட வேண்டியதில்லை; வீட்டில் எல்லோருக்கும் நல்லது நடந்துகொண்டிருந்தது. மெட்டு ஏழாவது முறை மேலே போனது. எட்டாவது முறை. அவள் எதிர்ச்சுவரில் ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

"என்னடி, பேசுறாங்களா?" அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

மேசைமேல் 'என் அகவெளி' கிடந்தது. அவள் கைக்குள் எப்போதோ வந்திருந்த பேனா அதன் முதல் வரிமீது சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. மெட்டு நின்றது. உங்கள் அழைப்பு எங்களுக்கு, என்று குரல் தொடங்கியபோது பேனா நான்கு முறை அழுந்தியது, நான்காவதில் தாள் கிழிந்தது. அவள் இன்னும் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.