விளக்கு வைத்த பிறகு உப்பு

நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும் என்பார்கள். அம்சவல்லியின் நாக்கு மட்டும் நாலு மாதமாக ஒரே பக்கம்தான் புரண்டது. புருஷன் குணசேகரனின் பத்தியத்தின் பக்கம்.

மாசி மாதம் கும்பகோணத்து டாக்டர் அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்று சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். இவள் உப்பு ஜாடியையே மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். வாழைப்பழம் வேண்டாம் என்றார். கொல்லையில் விளைந்த தாரைக் கோயிலுக்குத் தூக்கிக் கொடுத்தாள். இளநீர் கூடவே கூடாது, அதிலிருக்கும் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி நெஞ்சை நிறுத்திவிடும் என்று அவர் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள்.

அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. திருப்பனந்தாள் பக்கம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிறவன் இன்னும் பிறக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கையில் இளநீரோடுதான் வருவார்கள். அம்சவல்லி வாசலிலேயே வாங்கி வைத்து, மோர் கொடுத்து உபசரித்து, அவர்கள் தெருமுனை திரும்பியதும் வயலில் நிற்கிற ஆட்களுக்கு அனுப்பிவிடுவாள். யார் மனமும் நோகாமல் நாலு மாதம் ஓட்டிவிட்டாள்.

ஆனி பிறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்கு நாற்று தயாராக நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திருவாரூரில் ஒரு காதுகுத்து. குணசேகரன் போய் என்னத்தைத் தின்றாரோ, திங்கள் விடியற்காலையிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கொல்லைக்கும் கட்டிலுக்கும் நடந்தார். மதியத்துக்கு மேல் நடக்கவும் தெம்பில்லை. கண் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தது.

அம்சவல்லி பதறவில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்று டிவியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! வெந்நீரை ஆறவைத்துச் சர்க்கரை போட்டாள். உப்புக்குத்தான் அவளிடம் விசேஷமான சரக்கு இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் மதிவாணன் பத்து நாளைக்கு முன் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்த பாக்கெட், 'சோடியம் குறைந்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது வந்த பிறகுதான் குணசேகரன் சாம்பாரைச் சாம்பார் என்றே ஒப்புக்கொண்டார். அதில் தாராளமாக ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, இரண்டு டம்ளர் கொடுத்தாள்.

நாலு மணிக்குப் பூவம்மாள் வந்தாள். குணசேகரனின் அக்காள். உள்ளூரிலேயே, அதுவும் பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் ஒரு கூடை, அதில் மேல் சீவிய நாலு இளநீர்.

"தள்ளிக்க. வயித்தால போறவனுக்கு இதைக் குடுத்தா ஒரு நாழில எழுந்து உக்காந்துடுவான்."

"வாசல்லயே வச்சிடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்."

"வச்சா நீ ஆளுங்களுக்கு அனுப்பிடுவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நானே வாயில ஊத்திட்டுப் போறேன்."

அம்சவல்லி வாசல் நிலையில் கையை ஊன்றி நின்றுகொண்டாள். "அவங்களுக்கு ஆகாது அண்ணி. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எங்கப்பா வச்ச மரத்து எளநிடி இது. எங்கப்பா வச்ச மரம் என் தம்பிக்கு ஆகாதா?"

அதோடு விட்டிருக்கலாம். நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பட்ட பாடு முழுக்க அவள் வாய்க்கு வந்துவிட்டது.

"தம்பியைக் கொல்லணும்னா உள்ள வாங்க. உசுரோட பாக்கணும்னா கூடையை எடுத்துக்கிட்டுப் போங்க."

பூவம்மாள் கூடையைத் திரும்ப இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் முகம் போன போக்கை அம்சவல்லி பார்த்தாள். ஆனாலும் தான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது டம்ளரைக் கலக்கப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குணசேகரன், "கை காலெல்லாம் வெலவெலன்னு வருது வல்லி, நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குது" என்றார். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. கும்பகோணம் ஆஸ்பத்திரியில் சிறுநீரக வார்டு நர்ஸ் இர்ஃபானாவின் நம்பர் காலண்டரில் எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் போன் போட்டாள்.

"காலைலயே கூப்பிட்டிருக்கணும்மா," என்றாள் இர்ஃபானா. "சரி, இப்ப என்ன குடுத்துக்கிட்டிருக்கீங்க?"

"உப்புச் சர்க்கரைத் தண்ணிதான். இளநி கிட்டயே சேக்கலைம்மா."

"நல்லது. என்ன உப்பு?"

"சாதா உப்பா போடுவேன்? சோடியம் கம்மியான உப்பு."

"பாக்கெட்டைத் திருப்பிப் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிங்க" என்றாள்.

அம்சவல்லி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தது.

"எத்தனை நாளா போடறீங்க?"

"பத்து நாளா."

"இனி ஒரு சொட்டு குடுக்காதீங்க. கலக்கி வச்சதைக் கீழ ஊத்துங்க. இளநில இருக்கிறதுதாம்மா இதுலயும் இருக்கு, இன்னும் ஜாஸ்தியாவே இருக்கு. உடனே கார் பிடிங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வரேன்." ஒரு நிமிஷத்தில் திரும்ப வந்தாள். "கார் வர்ற வரைக்கும், ஒரு லிட்டர் காய்ச்சின தண்ணி, தலைதட்டின ஆறு ஸ்பூன் சர்க்கரை, சாதாப் பொடி உப்பு தலைதட்டி அரை ஸ்பூன். சின்ன ஸ்பூன்தான். கண்ணளவு வேண்டாம். கடைல விக்கிற பவுடரும் வேண்டாம், அதுலயும் பொட்டாசியம் இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு வாய், அவ்வளவுதான் குடுக்கணும்."

கார் வாடகைக்கு ஓட்டும் தங்கையனுடையது. அரை மணியில் வருகிறேன் என்றான். தண்ணீர் இருந்தது, சர்க்கரை இருந்தது. உப்பு இல்லை. தேடி எடுக்க ஒரு கல் உப்புகூட அந்த வீட்டில் இல்லை, எல்லாவற்றையும் மாட்டுத் தொட்டியில் கொட்டிய மகராசி அவள்தானே! கடை ரோட்டுமேல் இருந்தது, நடந்து போய்வர முக்கால் மணி ஆகும். இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் ஆறு வருஷம். அந்தப் பக்கத்து வீடு பூவம்மாள் வீடு.

அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகு பூவம்மாள் வீட்டு வாசலை உப்பு தாண்டாது. உப்பு போனால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது அவள் கட்சி. பெற்ற மகளே ஒரு தடவை கேட்டு, காலையில் வா என்று திருப்பி அனுப்பப்பட்டவள்.

அம்சவல்லி வாசலில் போய் நின்றாள். பூவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வா என்று கூப்பிடவில்லை.

"அண்ணி, அரை ஸ்பூன் உப்பு வேணும்."

பூவம்மாள் விளக்கைப் பார்த்தாள், அப்புறம் இவளைப் பார்த்தாள்.

"நான் இத்தனை நாளா போட்டது நல்ல உப்பு இல்லையாம் அண்ணி. எளநில இருக்கிறதுதான் அந்தப் பாக்கெட்லயும் இருக்காம். உங்களை வாசல்ல நிறுத்தி வச்சிட்டு, அதையே நான் டம்ளர் டம்ளரா அவங்களுக்குக் குடுத்திருக்கேன்."

பூவம்மாள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது உப்பு டப்பாவையே கொண்டுவந்தாள். உப்பைக் கைமாற்றிக் கொடுக்கிற வழக்கம் இல்லை, கொடுத்தால் சண்டை வரும். கொடுக்கிறவள் தரையில் வைப்பாள், வாங்குகிறவள் எடுத்துக்கொள்வாள். அதனால் அம்சவல்லி ஓரடி பின்னால் நகர்ந்து இடம் விட்டாள்.

"கையை நீட்டுடி."

"கையில குடுத்தா சண்டை வருமே அண்ணி."

"வரவேண்டிய சண்டை நாலு மணிக்கே வந்துட்டுப் போயிடுச்சு. புடி."

கொடுத்த கையோடு டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு பூவம்மாளே முன்னால் நடந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, இர்ஃபானா சொல்லச் சொல்ல, கத்தி முதுகால் ஸ்பூனின் தலையைத் தட்டித் தட்டி அளந்தார்கள். பூவம்மாள் தம்பியின் தலையைத் தாங்கிக்கொள்ள, அம்சவல்லி ஊட்டினாள். கார் வரும்வரை நிமிஷத்துக்கு ஒரு வாய்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. ஊசி போட்டு, சலைன் ஏற்றி, இரவெல்லாம் நெஞ்சுக்கு மிஷின் மாட்டி வைத்தார்கள். விடியும்வரை விட்டிருந்தால் என்னால் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். பத்தியத் தாளில் உப்பு என்ற வரிக்குக் கீழே இர்ஃபானா சிவப்பு மையில் நாலு வரி எழுதிக் கொடுத்தாள். அம்சவல்லி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மகனிடம் போனில் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காதது தானல்லவா என்று இருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள் குணசேகரன் எழுந்து உட்கார்ந்து, நாற்றுப் பறிக்க ஆள் சொன்னார்களா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பூவம்மாள் வார்டுக்குள் வந்தாள். கையில் சீவிய இளநீர் ஒன்று. அம்சவல்லிக்கு வாய் தானாகத் திறந்தது.

"மூடு," என்றாள் பூவம்மாள். "இது அவனுக்கில்ல. நீதான் மூணு நாளா காப்பித் தண்ணில கெடக்கிற. குடி."

அம்சவல்லி வாங்கிக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே குடித்தாள். அப்பா வைத்த மரத்து இளநீர், நல்ல ருசி.

கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குணசேகரன், "எனக்கு ஒரு வாய்?" என்றார்.

"கிடையாது," என்றார்கள் அக்காளும் பெண்டாட்டியும், ஒரே மூச்சில்.