வெறும் பெட்டி

வேன்காரன் சின்னமுத்துவின் மனைவி ஞானேஸ்வரி வந்தபோது, சுந்தரலிங்கம் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் தன் கடையில் ஒரு காருக்கு ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டிருந்தான். பன்விலவிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, அவர நேத்து செக் பாயிண்ட்ல புடிச்சிட்டாங்க. வேனுல ரகசியப் பெட்டி இருக்காம். அத செஞ்சது நீங்கதான்னு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, விட்டுருவாங்க."

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. பாட்டுப் போட்டால் பேஸ் அதிர வேண்டும், ஆனால் பெட்டி கண்ணில் படக் கூடாது என்று வேன்காரர்கள் கேட்டார்கள். பெரிய சப் வூஃபர் பெட்டியைக் கண்டால் ஆமிக்காரன் ஆட்களை இறக்கி வெயிலில் நிறுத்திக் குடைவான். வேனை ஹயருக்கு எடுத்து வந்தவர்கள் அடுத்த முறை வேறு வேன் பார்ப்பார்கள். சுந்தரலிங்கம் யோசித்தான். பின் சக்கரத்துக்கு மேலே, உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் கிடக்கும் இடத்தில் பெட்டியைச் சொருகி, அதே நிற ரெக்ஸினால் மூடினான். சத்தம் எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியாது. தன் மூளையை மெச்சிக்கொண்டு திரிந்தான். நம்மவன் ஒன்றை மறைத்தால் மறைத்ததே குற்றம் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

பொலிஸ் நிலையத்தில் அவன் செய்த பெட்டி மேசைமேல் கிடந்தது. ஸ்பீக்கரைப் பிடுங்கியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்.

"இது ஏன் காலியாக இருக்கிறது?"

"காலியாக இருந்தால்தான் சேர் பேஸ் வரும். உள்ளே காற்று வேண்டும்."

"காற்றையா ஒளித்து வைத்தாய்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுந்தரலிங்கமும் பயத்தில் சிரித்து வைத்தான். உள்ளறைச் சுவரோரம் சின்னமுத்து சட்டையில்லாமல் குந்தியிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் இவனையே பார்த்தான்.

"இவனுக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தாய்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மட்டும் என்று ஒப்புக்கொண்டால் சின்னமுத்துவை விசாரணைக்கென்று கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் மூன்று வேன்களுக்குச் செய்திருந்தான். இரண்டு தோட்டத்துத் தமிழ் ஆட்களுடையவை. மூன்றாவது அலவத்துகொட ஜமால்தீனுடையது. முஸ்லிம் ஆள், அவ்வளவாகத் தொட மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டபோதே வெட்கமாக இருந்தது.

"அலவத்துகொடயில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது சேர். பார்த்தால் உங்களுக்கே விளங்கும்."

"வந்து காட்டு. நீ சொல்வது சரியென்றால் இவனை விடுகிறேன்."

ஜீப்பில் ஏற்றும்போது வாசலில் நின்ற ஞானேஸ்வரி இவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஜமால்தீன் சாரத்தை மடித்துக் கட்டி வீட்டு முன்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜீப்பைக் கண்டு முகம் கறுத்தது. உள்ளே சுந்தரலிங்கத்தைக் கண்டதும் தெளிந்தது.

"அட, நீங்களா? வாங்க, வாங்க. சேர்மாருக்கும் பாட்டு செட் பூட்டணுமாமா?"

சுந்தரலிங்கம் வாயைத் திறக்குமுன் இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டு, பாட்டுப் போடச் சொன்னார். ஜமால்தீனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு முன் சீட்டில் ஏறினார்.

"இந்த சவுண்டு கண்டியிலேயே வேற வேன்ல இல்ல சேர். பெட்டி எங்க ஈக்கிதுன்னு கண்டுபிடிங்க பாப்பம்!"

பேஸ் முழங்கியது. கண்ணாடிகள் நடுங்கின. பொனட்டில் இருந்த சவர்க்கார நுரை மெல்ல வழிந்தது. உள்ளேயிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு பொலிஸ்காரன் தகட்டை நெம்பிப் பிரிக்க ஜீப்பிலிருந்து இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வேனின் பின்பக்கமாகப் போனான்.

"ஜமால்தீன் நானா, இறங்குங்க" என்று கத்தினான் சுந்தரலிங்கம். ஜமால்தீன் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டிச் சிரித்தார். பாட்டுப் போதவில்லை என்கிறான் போலும் என்று நினைத்து, சத்தத்தை இன்னும் கூட்டினார்.